மாடு கறக்காத பால்

சென்னை,
10.3.1986

அன்புள்ள மதலேனம்மாளுக்கு, உன் வீட்டுக்காரன் சவரிமுத்து சொந்தக் கையால் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? வாசித்துச் சொல்லும் மருமகள் என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

“நீங்க வூடு வந்து சேர்ற வரைக்கும் மாட்டுப் பாலைத் தொட மாட்டேனுங்க” என்று கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாயே. நீ வரக்காப்பி குடிப்பதை நினைத்தால் எனக்கு இங்கே காபி இறங்குவதில்லை.

நான் வாட்ச்மேனாக நிற்கும் சூப்பர் மார்க்கெட்டில் சோயா என்ற பயறின் பால் இரண்டு விதம் வந்திருக்கிறது. இரண்டையும் குடித்துப் பார்த்தேன். பாட்டில் இரண்டு ரூபாய், பச்சை மொச்சை வாடை. டப்பா மூன்று ரூபாய், பாயசம் போல ருசி. சோயா, சர்க்கரை, ஏலக்காய் என்று அதன்மேல் இருந்ததை எழுத்துக்கூட்டி நானே படித்துவிட்டேன்! கல்லாவில் இருக்கும் பெண், “தாத்தா, காவலுக்கு வந்தீங்களா, பால் குடிக்க வந்தீங்களா?” என்கிறாள்.

இதைக் குடித்தால் உன் வேண்டுதல் கெடாது, டப்பாவை அனுப்பலாம் என்றிருந்தேன். ஆனால் காபியில் ஊற்றினால் திரிந்துபோகிறது.

அதனால் ஈஸ்டருக்கு லீவு கேட்டுவிட்டேன். அன்று காலை மாட்டுப் பாலே வாங்கி வை, இரண்டு டம்ளருக்கு.

ஷட்டர் தூக்கக் கூப்பிடுகிறார்கள்.

உன்
சவரிமுத்து