ராட்டினக் கம்பிக்குள் இருவர்

திருவண்ணாமலை
கார்த்திகை, 1958

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி குறைந்ததா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

இங்கே ராட்டினத்தில் என் வேலை உட்கார்ந்திருப்பதுதான், சிரிக்காதே. ஆட்கள் உட்காரும் தொட்டியின் குறுக்குக் கம்பியைப் பூட்ட ஒரே துளை. பருத்தவரை அது இறுக்கும், மெலிந்தவர் நழுவுவார். அதனால் இடைவெளி இருக்கும் பக்கமெல்லாம் முதலாளி என்னைச் செருகிவிடுவார்.

தீபத்தன்று கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை வியாபாரி சக்கரவர்த்தி ஏறினார். மல்லாட்டை என்றால் நம் ஊர் நிலக்கடலைதான். நல்ல பருமன். தொட்டி சாயாமலிருக்க என்னையும் பக்கத்தில் திணித்து, முதலாளி கம்பியை முழங்காலால் அமுக்கிப் பூட்டினார். நாங்கள் உச்சிக்குப் போன நேரம் மலையில் தீபம் ஏறியது. தள்ளுகிற ஆட்கள் சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு, "அரோகரா" என்று மலையைப் பார்க்க ஓடிவிட்டார்கள். ஊரே கைகூப்பியது. என் கைகள் கம்பிக்கடியில் சிக்கியிருந்தன.

"கை எடுக்க முடியலையா? உட்டுடுப்பா, ரெண்டு பேருக்கும் நானே கும்புட்டுக்கறேன். ஊட்ல யாரு, பேரு சொல்லு" என்றார் அவர்.

சொன்னேன். உன் பெயரை மலையைப் பார்த்து உரக்கச் சொன்னார். ஊரை விட்டு வந்தபின் அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் அன்றுதான் கேட்டேன்.

இறங்கியதும் கம்பி திறக்கவில்லை, கடப்பாரையால் நெம்பினார்கள். விலாவில் கொஞ்சம் கன்றியிருக்கிறது, அவ்வளவுதான். பயப்படாதே. ஊருக்குப் போகிறேன் என்றால், "உன்னை மாதிரி ஒல்லியா இன்னொருத்தன் கெடைக்கட்டும், அப்புறம் போ" என்கிறார் முதலாளி.

கம்பியில் சுற்ற உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார், போகிறேன். சேலையைத் துவைக்க வேண்டாம்.

உன்
சண்முகவேல்