பெர்னிஸ் என் பேரைக் கொடுத்துட்டா

வால்டர்,

உன் அக்கா பெர்னிஸ் வந்திருக்கா! தேங்க்ஸ்கிவிங் விருந்துல 'உங்க ஆப்பிள் பை வேகலை'ன்னு நான் சொன்னதுலேர்ந்து என் மூஞ்சியில முழிக்காதவ.

நாளைக்கு அவளுக்கு ஆபரேஷனாம். நினைவு திரும்பலைன்னா, மூச்சு மெஷினை நிறுத்தலாமா வேண்டாமான்னு நான்தான் டாக்டர்கிட்ட சொல்லணுமாம். என் பேரை எழுதிக் கையெழுத்தே போட்டுட்டா!

"உங்க தம்பி இருக்காரே?"ன்னேன்.

"அவன் அழுதுகிட்டு நிப்பான். நீதான் என் மனசு நோகுமேன்னு பார்க்காம உள்ளதைச் சொல்றவ"ங்கிறா.

சரின்னுட்டேன். இப்ப அவகூடதான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

மீட்லோஃப் ஓவன்ல இருக்கு. சாப்பிடு.

டோரிஸ்

மறந்துட்டேன்: மேஜையில இருக்கிற ஆப்பிள் பை அவ கொண்டுவந்தது. இந்தத் தடவையும் வேகலை. பிரமாதம்னு சொல்லிட்டேன். அவகிட்ட உளறிடாதே, ஆளை மாத்திடுவா.