சாக்கடைக்குள் இறங்கும் குழாய்

என் நிவிக் குட்டிக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. ஒன்றே கால் வயதில் போனவளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். மற்ற எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உனக்கு ஒரு தம்பி பிறந்து பத்து மாதம். போன வியாழக்கிழமை அவனுக்கும் வயிற்றால் போக ஆரம்பித்தது. அதே பச்சை, அதே நாற்றம். உன் அம்மா, என் அக்கா, அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பல்லு மொளைக்குது, அதான்," என்றார் உன் அப்பா.

உனக்கும் இதையேதான் சொன்னோம். நானும் சொன்னேன். உனக்கு மாதத்துக்கு இரண்டு முறை போகும், நிற்கும், மறுபடி போகும். ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் குச்சியாகும். அங்கன்வாடியில் எடை போட்டால் ஏறியிருக்காது. பொண்ணு சின்ன எலும்பு என்று சிரித்துக்கொண்டோம். நீ பசியோடு சாப்பிடத்தான் செய்தாய். சாப்பிட்டதெல்லாம் எங்கே போனது?

கடைசியில் மூன்று நாள் நிற்கவே இல்லை. அப்போதும் உன்னை ஆஸ்பத்திரிக்கா கொண்டுபோனேன்? வயிற்றில் சிக்கியதை ஊதி எடுக்கிற ஒரு அம்மாளிடம், தொக்கம் எடுக்க, வண்டியில் கொண்டுபோனேன். அந்த அம்மாள் உன் வயிற்றை நீவி, வாயில் ஊதி, வெற்றிலையில் எதையோ துப்பினாள். ஊறிப்போன ஒரு துணுக்கு.

"பாரு, பிஸ்கட்டு சிக்கிக்கினு இருந்துச்சு. இன்னிக்குப் பூரா தண்ணி குடுக்காத, வயிறு ஆறட்டும்."

அந்த எச்சிலைக் குனிந்து பார்த்து, எல்லாம் புரிந்தவர்கள் போலத் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் நீ குடத்தைக் கை காட்டினாய். உன் அம்மா அதைத் துணி போட்டு மறைத்தாள். மறுநாள் காலை நீ இல்லை.

அந்த அம்மாளைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் பேதியை அவளா கொடுத்தாள்? ஊர்த்தெருவில் சுவரோரமாக மேலே வருகிற குழாய், நம் காலனி முனைக்கு வந்ததும் சாக்கடைக்குள் இறங்குகிறது. உடைந்த இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மோட்டார் ஓடினால் தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தினால் குழாய் சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுநாள் முதல் குடம் அதுதான். அதில்தான் உன் கிண்ணத்தைக் கழுவினோம். அதைத்தான் உனக்குக் குடிக்கக் கொடுத்தோம்.

நீ போன பிறகு சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். மந்திரி வருகிற ரோட்டில் போடுவது போல இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார்கள். ஒரு மேடம் வீட்டுக்கு ஒரு சோப்பு கொடுத்து, கை கழுவும் விதத்தைச் செய்து காட்டினார்.

"எந்தத் தண்ணில மேடம்?" என்றேன்.

"அதெல்லாம் பஞ்சாயத்துல கேளுங்க தம்பி," என்று பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வேனில் ஏறினார்.

பஞ்சாயத்தில் மூன்று மனு கொடுத்தேன். மோட்டார் போடுகிற ஏகாம்பரம் மாமா சிரித்தார். "பைப்பு கீதேன்னு சந்தோசப்படுவியா, அது எதுக்குள்ள போவுதுன்னு பாத்துக்கினு கீறியே."

சனிக்கிழமை காலை உன் அப்பா வண்டியை வெளியே எடுத்தார். தொக்கம் எடுக்கத்தான். உன் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"எத்தினி பேருக்கு நின்னு கீது தெரியுமா?" என்றார் அவர்.

"நம்ம பொண்ணுக்கும்தான் நின்னுச்சு. மூச்சும் சேந்து நின்னுச்சு."

அவர் வண்டியைத் திருப்பினார். வண்டி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனது. நானும் பின்னாலேயே போனேன். டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். தம்பியின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. மாலைவரை அங்கேயே வைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்றார்.

உன்னைப் பற்றி அவரிடம் கேட்டேன். "அடிக்கடி பேதியானா குடலோட உள்பக்கம் தேஞ்சுபோயிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. மெலிஞ்ச உடம்பை அடுத்த பேதி சுலபமா சாய்ச்சிடும்."

இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நிவி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடப்பாரையோடு சாக்கடையில் இறங்கினேன். உன் அப்பாவும் இறங்கினார். குழாயை அறுத்ததும் கறுப்பாகக் கூழ் வழிந்தது. அதில் புழு நெளிந்தது. நாம் குடித்தது அதுதான். புதுக்குழாய் வாங்கிச் சுவரோரமாக மேலே ஏற்றிக் கட்டினோம்.

ஏகாம்பரம் மாமா ஓடி வந்தார். "கவர்மெண்டு சொத்துடா. கேஸ் ஆவும்."

"ஆவட்டும் மாமா. அறுத்த துண்ட எத்துக்கினு ஸ்டேசனுக்கு வரேன். அங்க மோந்து பாக்கட்டும்."

குளித்துவிட்டு வந்து தம்பியைத் தூக்கினேன். சனிக்கிழமை முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போனவன், என் சட்டை நெஞ்சுவரை நனையும்படி மூத்திரம் விட்டான். உன் அம்மா தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். "மூத்திரந்தான்டா," என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

நாளைக்கே ஆள் வந்து குழாயை மறுபடி கீழே இறக்கலாம். இறக்கினால் மறுபடி பிடுங்குவேன். எத்தனை முறை இறக்கினாலும் அத்தனை முறையும் பிடுங்குவேன். இது உன் மேல் சத்தியம்.

உன் காதுகுத்துக்கு மடி கொடுக்க முடியாமல் போன
தாய்மாமன்