கருவாடு மணத்த மண்

இன்று புதுக்குடியிருப்புச் சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது உமது ஞாபகம் வந்துவிட்டது. கோவிக்காதேயும். ஊதுவத்திக்கும் பூவுக்கும் வராத நீர் கருவாட்டுக்கு வந்தால் நான் என்ன செய்ய?

அறுபதுகளில் வவுனியாவில் நம்முடைய ஆய்வுகூடம் என்பது ஓர் அறை, ஒரு கருவி, நாம் இரண்டு பேர். கரித்தண்டின் நுனியில் மண்ணை வைத்து மின்சாரத்தை விட்டால் வெள்ளை வெளிச்சம் சீறும். பிளாஸ்மா என்று படித்திருந்தும் நீர் அதை நெருப்பென்றே சொல்லுவீர். மண்ணில் உள்ள ஒவ்வொன்றும் படத்தட்டில் தன் தன் இடத்தில் கறுப்புக் கோடாக விழும். கோடு இல்லையென்றால் பொருள் இல்லை. மேலதிகாரிக்கு அவ்வளவுதான் கணக்கு.

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா பஸ்ஸில் மண் கொண்டுவந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய இடத்தில் புருஷனையும் இழந்தவா. மண் சரியென்று நாம் சொன்னால்தான் அரசாங்கம் அவாவுக்கு அந்த வயற்காணியைக் கொடுக்கும். நெல்லுக்கு வேண்டிய துத்தநாகத்தின் கோட்டைத் தட்டில் காணவில்லை. "இல்லையெண்டு எழுதி அனுப்பும்" என்றார் மேலதிகாரி. வெளியே வாங்குப் பலகையில் இருந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. "இதுவும் போனா நான் எங்க போறது, தம்பி?" என்றா.

நீரோ துத்தநாகத்தை விட்டுவிட்டு இரண்டு இரும்புக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றீர். ஒன்று குறைந்த சூட்டிலும் கறுப்பது, மற்றது நல்ல சூட்டில் மட்டும். முதலாவது கன்னங்கரேலென்று கிடந்தது, மற்றது மங்கல்.

"நெருப்பு ஆறிப்போச்சு. துத்தநாகமும் சூடு கேக்கிற ஆள். உப்பு விழுந்தாத்தான் இப்பிடி ஆறும்."

பிறகு மண்ணை எடுத்து மணந்து பார்த்தீர். "அம்மா, இதை எதில கட்டினனீங்கள்?"

"நல்ல சாக்கிலதான். கருவாடு கட்டின சாக்கு, ஒரு ஓட்டை இல்லை!"

ஐயோ, நீர் சிரித்த சிரிப்பு! அடுத்தநாள் அவாவின் வயலுக்கே போய்ச் சுத்தமான தகர ரின்னில் மண் எடுத்து வந்தீர். கோடு விழுந்தது. காணியும் கிடைத்தது. அறுவடை முடிய அவா நமக்கு அரிசி கொண்டுவந்தா, அதே சாக்கில். "கறியே தேவையில்லை" என்று நீர் இரண்டாந்தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டீர்.

"நெருப்பைக் கேட்டுப்போட்டு மண்ணைக் கேளும்" என்பீர். யாராவது இல்லை என்றால் இன்றைக்கும் நான் உடனே நம்புவதில்லை. ஆஸ்பத்திரியில் உமது நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்குத்தர் தலையை ஆட்டியபோதும், "ஒருக்காத் திரும்பப் பாருங்கோ" என்றேன். பாவம், அவர் பார்த்தார். அந்தமுறை வேறு பிழை ஒன்றும் இருக்கவில்லை. நெருப்புத்தான் ஆறியிருந்தது.