கோதுமை இல்லாத வைகாசி

வைகாசி 5, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. காலைப் படகு ஆடிய ஆட்டத்தில் சேலை முழுக்க உப்புத் தண்ணீர். குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ்ஸும் தவறியது. யாழ்ப்பாணம் போய்ச் சேரப் பத்தரை.

குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்த முடிவு வந்துவிட்டது. சீலியாக் என்று பெயர். கோதுமை என் குடலை அரித்துக்கொண்டிருக்கிறதாம்.

"எனக்கு வயிறு ஒரு நாளும் நொந்ததில்லை, டொக்டர்."

"அதாலைதான் இவ்வளவு நாளும் பிடிபடேல்லை."

தொடக்கம் பள்ளிக்கூடத்து இரத்ததான முகாம். இரத்தம் காணாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இரும்புக் குளிசை. ஒரு புள்ளி ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது: சத்தை உறிஞ்சக் குடலுக்கு வலுவில்லை.

நல்ல செய்தி: கோதுமையை விட்டால் குடல் தானாக ஆறும். இரத்தம் ஏறும். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. கெட்ட செய்தி: சாகும்வரை விட வேண்டும். ஒரு துணுக்கும் ஆகாது.

வீடு வந்து அம்மாவிடம் சொன்னேன். வருத்தம் எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை புளியங்கூடலாலை அவை வருகினம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதை."

பெண் பார்க்க வருகிறார்கள். இரண்டு வருடத்தில் சாதகம் பொருந்திய முதல் இடம். நான் கோயில் ஐயர் வீட்டுப் பெண், 34 வயது, கணக்கு ரீச்சர், மாப்பிள்ளை எங்கள் ஆட்களுக்குள்தான் வேண்டும். அம்மாவின் பயம் விளங்குகிறது. கோபமும் வருகிறது.

வைகாசி 6, புதன்

டொக்டர் தந்த பேப்பரில் இருந்து.

ஆகாதவை: பாண், பணிஸ், ரோல்ஸ், ரொட்டி, ரவை, சேமியா, நூடில்ஸ், பிஸ்கட். (அதாவது நான் இவ்வளவு நாளும் தின்றதெல்லாம்.)

ஆகும்: சோறு, அரிசிமா, குரக்கன், ஒடியல்மா, உழுந்து, பயறு, பழம்.

இடைவேளையில் யாருக்கோ பிறந்தநாள், கேக். வயிறு சரியில்லை என்று சமாளித்தேன். வாழ்நாளில் வராத வயிற்றுவலியை இனிக் கடன் வாங்க வேண்டும் போல.

9ஆம் வகுப்புக் கொப்பி திருத்தவில்லை. 41 கொப்பி.

வைகாசி 8, வெள்ளி

பள்ளியால் வர, குசினி வாசலில் புது நீத்துப்பெட்டி. அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வாங்கிவிட்டிருக்கிறா. பழையதில் வருடக்கணக்காகக் கோதுமைமாப் புட்டு அவித்தோம், எனக்கு அதில் வேண்டாமாம். ஊருக்கு மூடி மறைக்கிற அதே அம்மாதான்.

பின்னேரம் ஒரு பேணி நிறையப் பார்லிக் கஞ்சி. "இது கோதுமை இல்லைத்தானே, குடி. உடம்புக்கு நல்லது."

பேப்பரைக் காட்டினேன். பார்லியும் ஆகாது.

"அப்ப நான் என்னத்தைத்தான் தாறது?" கஞ்சி மாட்டுக்குப் போனது. நானும் சிரித்துவிட்டேன், அம்மாவும். செவ்வாய்க்குப் பிறகு இன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

வைகாசி 10, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காலைப் படகில் வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, ஒரு சித்தப்பா. அவர் பெயர் சபேசன். கந்தோரில் எழுத்து வேலை, விடுமுறையில் தகப்பனோடு கோயில் பூசை. கதிரையின் நுனியில் இருந்தார். என்ன பாடம் படிப்பிக்கிறீர்கள் என்று கேட்டார். கணக்கு என்றேன். "அப்ப கவனமாத்தான் கதைக்க வேணும்" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. எழுதி வைக்கிறேன்: பிடித்துவிட்டது.

அம்மா ரவைக் கேசரி செய்திருந்தா. வருகிறவர்களுக்கு, எனக்கில்லை என்றுதான் ஏற்பாடு. மாமி, அதாவது அவருடைய அம்மா, அதில் ஒரு துண்டை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டுவா என்று யார் கண்டது!

"ஆவெண்டு வாயைத் திறவும் பிள்ளை. நல்ல காரியத்துக்கு இனிப்பு."

எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அம்மாவின் கண் 'விழுங்கு' என்கிறது. விழுங்கியிருந்தால் ஒன்றும் நடந்திராது. நோகாது, வாந்தி வராது. அதுதான் எனக்குப் பயம். ஒன்றும் நடக்காவிட்டால் நாளைக்கும் விழுங்குவேன். அந்த வீட்டுக்குப் போன பிறகு மூன்று வேளையும் விழுங்குவேன்.

"எனக்கு ஏலாது மாமி. கோதுமை ஒத்துவராத வருத்தம் ஒண்டு இருக்கு. செவ்வாய்க்கிழமைதான் தெரிய வந்தது."

மாமியின் கை அப்படியே நின்றது. பிறகு கேசரித் துண்டு தட்டத்துக்குத் திரும்பிப் போனது.

சித்தப்பா: "தொத்துமோ?"

மாமி: "பிள்ளை பிறக்கிறதுக்குத் தடையோ?"

தொற்றாது என்றேன். சாப்பாட்டில் ஒழுங்காக இருந்தால் பிள்ளைப்பேற்றுக்கும் தடையில்லை என்று டொக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்லுறம்." ஒரு மணிப் படகில் போய்விட்டார்கள். அவர் மட்டும் வாசல் படலையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அல்லது செருப்பைப் பார்த்தாரோ தெரியாது.

வைகாசி 11, திங்கள்

அம்மா கதைக்கவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. அரிசிமாப் புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, எல்லாம் எனக்கு ஏற்றபடி. கோபத்திலும் கை பிசகவில்லை.

அப்பா பூசை முடித்து வந்து என் பக்கத்தில் இருந்தார். அம்மாவுக்குக் கேட்கத்தான் சொன்னார்: "மறைச்சுக் கட்டிக் குடுத்தா, அவள் ஒவ்வொரு நாளும் மூண்டு தரம் பொய் சொல்ல வேணும். என்ரை பிள்ளைக்கு அது ஏலாது."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, போட்டதா?

வைகாசி 14, வியாழன்

காற்றுக் கொஞ்சம் தணிவு. கொப்பிகள் முடிந்தன. அந்த வகுப்பில் 12 பேருக்குப் பின்னம் பிடிபடவே இல்லை.

ஐந்து மணிக்குப் போன். தெரியாத இலக்கம். சபேசன்!

"ஒரு விஷயம் கேக்கலாமோ? நீங்கள் கறிக்குப் பெருங்காயம் போடுறனீங்களோ?"

இப்படி ஒரு மாப்பிள்ளை தொடங்குவாரா? வெங்காயம், உள்ளி சேர்க்காத வீடு எங்களது. பெருங்காயம் இல்லாமல் ஒரு கறி இறங்குமா?

"போடாமல்? எல்லாத்துக்கும்தான்."

"அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கோ. பின்னாலை பொடி எழுத்து."

போனைக் காதில் வைத்தபடியே குசினிக்கு ஓடினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்: கோதுமை மா. பெருங்காயத்தைவிட அதுதான் முதலில் எழுதியிருக்கிறது. பத்து நாளாகப் பாணுக்கு அழுதுகொண்டு, சாம்பாரிலும் ரசத்திலும் கோதுமையைக் குடித்திருக்கிறேன். கணக்கு ரீச்சர்!

"நீங்கள் ஏன் இதெல்லாம் பாத்தனீங்கள்?"

"எங்கடை வீட்டுக் குசினியிலை நீங்கள் என்ன சாப்பிடலாம் எண்டு ஒவ்வொண்டா எடுத்துப் பாத்தனான். அப்பிடித்தான் பெருங்காயம் மாட்டுப்பட்டது."

மாமி என்ன சொல்கிறா என்று கேட்டேன்.

"அம்மா இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. நான் பொய் சொல்ல விரும்பேல்லை."

போனை வைத்த பிறகு அழுகை. நல்ல அழுகை. யாரோ ஒருவர், எனக்குத் தெரியாமல், எனக்காக டப்பா டப்பாவாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். கலியாணம் சரிவராவிட்டாலும் இது நடந்தது நடந்ததுதான். சரிவந்தால் நல்லது. சரிவர வேண்டும்.

அம்மாவிடம் டப்பாவைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தா. நான்கு நாளுக்குப் பிறகு வாய் திறந்து, "நானே போட்டுப் போட்டுத் தந்தனானே" என்றா. பிறகு, "ஆர் சொன்னது?"

சொன்னேன். கண் கலங்கினதை மறைக்கவோ என்னவோ, அம்மா கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

வைகாசி 17, ஞாயிறு

போன் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கலப்பில்லாத கட்டிப் பெருங்காயம் இருக்கிறதாம். விசாரிக்க வேண்டும்.

முடியில் எண்ணெய். நகம் வெட்டியது. போனைச் சார்ஜில் போட்டது, எடுத்தது, போட்டது.

வைகாசி 19, செவ்வாய்

நாலரைக்கு மாமியின் போன், அம்மாவுக்கு. அம்மா ஸ்பீக்கரை அழுத்தினா. சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. மாமி நேரே தொடங்கினா.

"அண்டைக்கு எனக்குக் கோவம்தான். மறைக்கத் தெரியாத பிள்ளை எண்டு பிறகு யோசிச்சனான். இவன் வேறை குசினியை உழுது போட்டான். வெள்ளிக்கிழமையிலை இருந்து எங்கடை வீட்டிலை பாண் இல்லை, கோதுமை மா இல்லை. இவன்ரை அப்பா பாணுக்குக் கத்துறார்."

அம்மா திகைத்துப்போய், "ஐயோ, அது எதுக்கு? அவளுக்கு ஒரு பானை புறம்பா வைச்சால் போதும்" என்றா.

"புறம்பா வைச்சா ஒரு நாள் கரண்டி மாறிப்போகும். அதுதான் நாலைஞ்சு நாள் இருந்து பாத்தனாங்கள், ஏலுமோ எண்டு. ஏலுது. பிள்ளை பக்கத்திலை நிக்கிறாவோ?"

"நிக்கிறன் மாமி."

"உம்மடை அப்பாட்டைச் சொல்லிக் கலியாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லும்."

போனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

"ஓம் மாமி."