இடியின் கிழமையில் ஒரு பரீட்சை

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

உன் தையல்காரன் எழுதுவது. நலம். யாரிடமும் சொல்லிவிடாதே: ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற நான், ஜெர்மன் பரீட்சைக்குச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போனேன். அவ்வளவு பயம். தேறினால்தானே உன்னிடமும் மகளிடமும் வர விசா! கேள்வி கேட்ட அம்மாள் என் முகத்தைவிடத் தையலைத்தான் அதிகம் பார்த்தார். நல்லவேளை, தையல் நேராக இருந்தது.

வியாழக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கடை திறப்பேன் என்றால் முடிந்தது. ஆனால் எனக்கு வகுப்பில் மண்டையில் ஏறியதெல்லாம் கிழமைகளின் பூர்வீகம் மட்டும்தான். அவர்களுக்கு வியாழன் இடிச்சாமியின் நாள். அதைச் சொல்ல வார்த்தை வராமல், மேஜையை ஓங்கிக் குத்தி இடி இடித்துக் காட்டினேன். அந்த அம்மாளின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. என்னோடு பரீட்சைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் குனிந்து, “சார், இடி யாருதுன்னு கேக்கல. அன்னைக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னுதான் கேக்குறாங்க” என்றார்.

இன்னொன்று கேள். புதன்கிழமையும் அங்கே ஒரு பெரிய சாமியின் பெயரில்தான் இருந்ததாம். அவரைக் கழற்றிவிட்டு, ‘வாரத்தின் நடு’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். சாமிக்கே அந்தக் கதி என்றால் ஒரு தையல்காரன் எந்த மூலைக்கு?

சனிக்கிழமையை அங்கே சில பக்கங்களில் ‘ஞாயிறுக்கு முந்தைய மாலை’ என்பார்களாம். விடியற்காலையிலேயே அதற்குப் பேர் மாலை! சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் இருவரும் போனதிலிருந்து எனக்கு எல்லா நாளும் அந்தக் கிழமைதான்.

போனில் நம் பெண் அந்த மொழியில் மளமளவென்று ஏதோ சொன்னாளே, நானும் கூடவே சிரித்தேனே. பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டி பெயர்ந்ததைச் சொன்னாள் என்று பிறகு நீ சொன்னாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், அப்படியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

பரீட்சையில் தோற்று, நான் வருவது தள்ளிப்போனால் கோபிக்காதே. அதுவரை அவளிடம் நம் பேச்சிலேயே கொஞ்சம் பேசு. அழுகிறபோதாவது அவள் அதில் அழட்டும்.

இருவரும் நன்றாக இருங்கள்.

இடிக்குப் பயந்த,
உன் தையல்காரன்

பி.கு.: பரீட்சை முடிவு போன வாரமே வந்துவிட்டது; சொல்லத்தான் தைரியம் வரவில்லை. பாஸ்.