பெயர்நாளுக்குக் கொண்டுபோன வாட்டர் பம்ப்

திரோயான், திங்கட்கிழமை

அன்புள்ள தெமெனுகா,

நான் நலம், முதுகுதான் இன்னும் என்னோடு சமாதானம் ஆகவில்லை. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை கமெனும் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நேற்று மலர் ஞாயிறு, பூவின் பெயர் வைத்த எல்லோருக்கும் பெயர்நாள், உனக்கும்தான், உனக்காக வில்லோ கிளை ஒன்றைக் கதவில் செருகினேன். ஸ்வெதான் சித்தப்பாவுக்கும் அதே நாள்தானே, அவர் வீட்டுக்கும் போய்வந்தேன். அங்கே நடந்ததை அவர் சொல்லி நீ கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

போன ஆகஸ்டில் அப்பாவின் கார் கணவாய் ஏற்றத்தில் கொதித்து நின்றதல்லவா, அதற்கு மூன்று மாதம் முன்புதான் சித்தப்பா தன் பட்டறையில் புது வாட்டர் பம்ப் மாட்டியதாகச் சொல்லியிருந்தார். நின்ற காரைப் பார்த்துவிட்டு, எஞ்சினே போச்சு அண்ணி, பழைய இரும்புக்குத்தான் ஆகும், நானே எடுத்துக்கறேன் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன். ஆனால் கடைத்தெருவில், டீச்சரம்மாவுக்குத் தண்ணி எத்தனை டிகிரில கொதிக்கும்னு தெரியும், கார்ல ஊத்தணும்னு தெரியாது என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ரொட்டிக்கடைப் பெண், என்னிடம் இயற்பியல் படித்தவள், அதை என்னிடமே சொன்னாள். நீயும் போனில், விட்டுடும்மா, என் கல்யாணத்துல அப்பா இடத்துல நிக்கப்போறவர் என்றாய். போனை வைத்துவிட்டு அப்பாவின் கருவிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன்.

மார்ச் முழுவதும் திராட்சைப் பந்தலுக்கடியில்தான் இருந்தேன். முதலில் நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் பார்த்தேன், ஓரத்து இரண்டும் சரி, நடு இரண்டும் ஒரே அளவு குறைவு. தேய்மானம் இப்படி ஜோடி சேர்ந்து வராது, அந்த இரண்டுக்கும் நடுவே அடைத்திருக்கும் கேஸ்கட் தகடுதான் எரிந்திருக்க வேண்டும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எஃகு அளவுகோலை அதன்மேல் வைத்து இடையில் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்த்தேன், ஹெட் வளையவில்லை, அதையே வைத்துக்கொண்டேன். பிஸ்டன் ரிங்கைத் தொடவில்லை. கேஸ்கட், ஹெட் போல்ட், டைமிங் பெல்ட் புதிது. சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டிய தெர்மோஸ்டாட்டை அடுப்பில் வெந்நீரில் போட்டேன், திறக்கவே இல்லை, கார் கொதித்ததில் கெட்டிருக்கும், அதையும் மாற்றினேன். கடைசியில் அந்தப் புது பம்ப். வெளியே பளபளவென்று வெள்ளி நிறம், நகத்தால் சுரண்டினால் அடியில் துரு, உள்ளே தண்ணீரைத் தள்ளும் இறக்கைகள் பாதி கரைந்திருந்தன. பழைய பம்புக்குப் பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறார். கார் கொதித்ததே அதனால்தான். அதைக் கழுவக்கூட இல்லை, அப்படியே எடுத்து வைத்தேன்.

பெயர்நாள் வீட்டுக்கு அழைப்பில்லாமல் போகலாம், வந்தவளை வாசலோடு அனுப்பவும் முடியாது, அதை நம்பித்தான் போனேன். பூக்காரி ஐந்தா ஏழா என்றாள். ஆறு என்றேன், ரெட்டைப்படை கல்லறைக்கும்மா என்றாள், தெரியும் என்றேன். காரை அவர்கள் ஜன்னலுக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன். உள்ளே மீன் தட்டுகளைச் சுற்றிப் பாதி ஊர், எல்லோரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். ஸ்தோய்லா சித்தி பூங்கொத்தின் ரிப்பனைப் பிரித்து எண்ணிவிட்டு என்னையே பார்த்தாள். என்ன அண்ணி விளையாட்டு இது என்றார் சித்தப்பா. நீங்க போட்ட புது பம்ப், உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொல்லி மேஜைமேல் வைத்து எல்லோரும் பார்க்க ஒரு கோடு சுரண்டினேன். பஸ் ஓட்டும் பான்கோ, பெயிண்ட் புதுசுதானேடா ஸ்வெதான் என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, ஆமா, என் வண்டிக்கும் இதே பெயிண்ட் டப்பாதானா என்று கேட்டார். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்து ஒரு துண்டு மீன் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. எனக்கு வருத்தம் இல்லை, உனக்காக வருத்தப்படுவதாகவும் சொல்லமாட்டேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், ஒருவரிடம் ஒருவர் எதையும் பூசி மறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசீர்வாதம். செப்டம்பரில் உங்கள் கல்யாணத்துக்குக் கார்லொவோ போக அதே கணவாய்தான், நான்தான் ஓட்டுவேன், அப்பா இடத்திலும் நானே நிற்பேன். ஆனால் சித்தப்பாவுக்கு மறக்காமல் அழைப்பு அனுப்பு. நம் காரிலேயே வரட்டும், பின்சீட்டில் நடுவிடம் அவருக்கு. சூடு காட்டும் முள் அங்கிருந்து நன்றாகத் தெரியும், மலை ஏறி இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு வரட்டும்.

உன்,
அம்மா